காப்பு சிவக்கும் முன்

அந்த ஊரில் இளைப்புள்ள பிள்ளைகள் எல்லோர் கையிலும் மூச்சுக்காப்பு இருந்தது. மூச்சு முட்டப்போவதை அது சிவந்து சொல்லிவிடும். ஆனாலும் பெனிட்டா தினமும் மகள் ஷெரினை மடியில் சாய்த்து, நிதானமாக மூச்சுவிடவும் நெஞ்சின் சத்தத்தைத் தானே கவனிக்கவும் பழக்கினாள். "காப்பு இருக்கும்போது உனக்கெதுக்குடி இந்தக் கூத்து?" என்று கணவன் கேலி செய்தால் அவளுக்கே சந்தேகம் வரும்.

பள்ளி விளையாட்டு விழாவில் ஓடிக்கொண்டிருந்த ஷெரின் பாதியில் நின்றாள். "மிஸ், உள்ள விசிலடிக்குது. இன்ஹேலர் குடுங்க."

"காப்பு பச்சையாத்தானே இருக்கு, கள்ளி?"

"அதுக்கு இன்னும் தெரியாது மிஸ்."

சிரித்தபடியே ஆசிரியை எடுத்துக் கொடுத்தார். ஷெரின் மருந்தை இழுத்து முடித்த பிறகுதான் காப்பு சிவந்தது.

"யாரு புள்ள அது?" என்றார் வேலியோரம் நின்ற ஒருவர்.

"எம் புள்ள," என்றாள் விழா பார்க்க வந்து அவர் பக்கத்தில் நின்றிருந்த பெனிட்டா. கேட்காதவர்களுக்காக இன்னொரு முறையும் சொன்னாள்.