பிரவுன் அட்டை

பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து கிளம்பிய காலை ரயிலில் இனாயத்துல்லா ஓர் அரசியல் நையாண்டிப் புத்தகம் படிக்கிறார். எழுதியவர் டிவியில் ஆட்சியாளர்களைக் கிழி கிழியென்று கிழிக்கும் நகைச்சுவையாளர். முன்னட்டையில் இருக்கும் அவர் முகம் வெளியே தெரியாமலிருக்க, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல விறைப்பாகப் பிரவுன் அட்டை போட்டிருக்கிறார். மரங்களுக்கு நடுவே வரும் வெயில் பக்கத்தின்மேல் விட்டுவிட்டு விழுகிறது. சிரிப்பை அடக்கியதில் தோள்கள் குலுங்குகின்றன. “மெதுவாங்க, வியாழக்கிழமை கிரீன் கார்டு இன்டர்வியூ இருக்கு,” என்று மனைவி ஹபீஸா விலாவில் இடிக்கிறாள். எதிர் இருக்கை அமெரிக்கப் பெண்மணி அதே புத்தகத்தை, அட்டைப்படம் பளிச்சென்று தெரியப் பிடித்து, வாய்விட்டுச் சிரிக்கிறாள். பிறகு நிமிர்ந்து, நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று இவரைக் கேட்கிறாள். “டேக்ஸ் புக்,” என்கிறார் இனாயத்துல்லா. சிரித்ததில் கண்ணோரத்தில் துளிர்த்த நீர் இன்னும் காயவில்லை.