வலிக்கு இங்கிலீஷில் ஒரு சொல்

தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஆஸ்பத்திரியில், சங்கு குளிக்கிற தொம்மை இருப்புக்கொள்ளாமல் தலையை உதறுகிறான்; இரண்டு காதுகளையும் மாறிமாறி உள்ளங்கையால் அறைகிறான். கடல்காற்றில் 1974-ஆம் வருஷக் காலண்டர் படபடவென்று சுவரில் அடித்துக்கொள்கிறது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வடக்கத்தி டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவருக்காக நர்ஸ் ஞானதீபம் சீட்டில் ‘பெயின்’ என்று எழுதுகிறாள். “அப்படின்னா என்னம்மா?” என்கிறாள் தொம்மையின் மனைவி சலேத்தாள். “வலின்னு அர்த்தம். ஆதியில அந்த வார்த்தைக்குத் தண்டனைன்னு பொருளாம். நாசரேத்துல படிக்கும்போது டீச்சர் சொன்னாவ.” சலேத்தாளின் முகம் வெளிறுகிறது. “தண்டனையா? பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊத்த முங்குனதுக்கா? அதை அடிச்சிருங்கம்மா.” ஞானதீபத்தின் பேனா சீட்டின் மேல் அலைகிறது; வேறு வார்த்தை அவளுக்கு அகப்படவில்லை. தொம்மைக்கு இது எதுவும் கேட்கவில்லை. “ஏளா, நாளைக்கு முங்கலாமான்னு டாக்டர்ட்ட கேளு!” என்று கத்துகிறான். வெளியே கப்பல் ஒன்று நீளமாக ஊதுகிறது. அது ஓயும்வரை சலேத்தாள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே நிற்கிறாள். பிறகு அவன் வலது காதில் வாயை வைத்து, “இனிமே முங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ” என்கிறாள். டாக்டர் இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஞானதீபம் சலேத்தாளைப் பார்க்கிறாள். தொம்மையிடம் திரும்பி, ஆமாம் என்று தலையசைக்கிறாள்.