ஆட்டிடம் சொன்னது

வேலித் தகராறுக்குப் பிறகு அன்னக்கொடியும் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயும் முகம் பார்த்துப் பேசியதில்லை. திட்டுவதென்றாலும் அவரவர் ஆட்டைத்தான் திட்டுவார்கள். தைக்க வேண்டியவளுக்கு அது தைத்துவிடும்.

அன்னக்கொடி மாசமானாள். செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வரச்சொல்லி நர்ஸ் வீடு தேடி வந்து சொல்லிப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்ப முடியும். "அதுவரைக்கும் ஆடு பட்டினி கெடக்கணுமா?" என்றாள் மாமியார், வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கிற குரலில்.

செவ்வாய் விடிந்தபோது தொழுவத்தில் ஆடுகள் இல்லை. பதறிப்போய் வேலியோரம் வந்தாள். வெள்ளைத்தாய் தன் ஆடுகளோடு அவற்றையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு கண்மாய்க்கரை ஏறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆடுகள் வயிறு புடைக்கத் திரும்பின. அன்னக்கொடி தாயாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள்: "பிள்ளைக்கு நெஞ்சு நல்லாத் துடிக்குதாம்டி. மிஷின் வச்சுக் காட்டுனாங்க. என் காதாலயே கேட்டேன்."

அந்தப் பக்கம் வெள்ளைத்தாய் தன் கிடாயை அதட்டுவது கேட்டது.

"இன்னைக்கு மாதிரி அவ ஆட்ட முட்டாதடா. பிள்ளை பொறக்குற வரைக்கும் அதுகளும் நம்மகூடத்தான் வரும்."