மணிக்கூண்டின் வெறுங்கை

“ரெண்டு கைக்கும் ஒரே அளவு வச்சிடுங்க, மாஸ்டர். இனிமே கையில வாட்ச் கிடையாது.”

தையல்காரர் கையிலிருந்த இன்ச் டேப் நழுவிக் கீழே விழுந்தது. மூலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்கும் ஊசி பாதியில் நின்றுவிட்டது.

பின்னே, சொன்னது யார்? மணிக்கூண்டு! ஆள் நெடுநெடுவென்று உயரம், கையில் எந்நேரமும் ஒரு பங்களா விலை பெறும் வாட்ச். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ரகசியமாக வைத்த பெயர் அது. புதுசாக ஒரு வாட்ச் வாங்கினால் அதற்கென்றே நாலைந்து சட்டை தைப்பார். வாட்ச் நுழைய வேண்டுமே, அதனால் இடது கை கஃப்பை மட்டும் அரை இன்ச் லூசாக வைக்கச் சொல்வார். அவர் கையில் வாட்ச் ஏறினால் இவர்கள் வீட்டில் உலை கொதிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

“என்ன சார், திடீர்னு இப்படி?”

“இருந்த வாட்ச் எல்லாத்தையும் வித்துட்டேன், மாஸ்டர். அதுவும் பத்தலை. தோட்டம், கார், எல்லாம் போயிடுச்சு. இப்ப எங்க அம்மா வீட்டு மாடியிலதான் இருக்கேன்.” மணிக்கூண்டு சிரித்தார். “பழைய சட்டையெல்லாம் இடது கையில தொளதொளன்னு தொங்குது. ரெண்டே ரெண்டு சட்டை தைச்சுக் கொடுங்க, போதும்.”

சிரிக்கிறாரே மனுஷன்! தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பது இதுதானோ என்று நினைத்துக்கொண்டார் தையல்காரர்.

“பேங்க்ல ஏதாவது…” என்று இழுத்தார்.

“அங்கேருந்துதான் வரேன். உள்ள போய்ப் பாக்கறதுக்கே எத்தனை கையெழுத்து கேக்கறாங்க தெரியுமா! இருந்தாலும் தினம் ஒரு நடை போயிட்டு வந்தாத்தான் ராத்திரி தூக்கம் வருது.” பழக்க தோஷத்தில் வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அசடு வழிந்தார். “இப்ப மணி என்ன, மாஸ்டர்?”

தையல்காரர் மணி சொன்னார்.

“இங்க வாங்க கொஞ்சம்” என்று மனைவி துணிக்கட்டுக்குப் பின்னால் கூப்பிட்டுக் கிசுகிசுத்தாள். “யார் கண்ணு பட்டுச்சோ! அவரும் வரலைன்னா இனிமே நம்ம கதி?”

“முதல்ல அவர் கதியைப் பாரு” என்றார் தையல்காரர்.

திரும்பி வந்து இடது கையைப் பிடித்து அளவெடுத்தார். வாட்ச் இருந்த இடம் வெயிலே படாமல் வளையம்போல வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை. சட்டென்று தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றினார். கல்யாணத்துக்கு மாமனார் போட்டது, சாவி கொடுக்கிற ரகம்.

“ஏங்க!” மூலையிலிருந்து குரல் சீறி வந்தது. “அது எங்கப்பா போட்டது!”

“உங்கப்பா இருந்திருந்தா அவரே கழட்டிக் கொடுத்திருப்பாரு, சும்மா இரு.” வாரை இறுக்கி மணிக்கூண்டின் கையில் மாட்டினார். “ராசியான வாட்ச், சார். வாடகை மெஷின்ல தைச்சுக்கிட்டிருந்தவன் நான். இதைக் கட்டின அப்புறந்தான் சொந்தக் கடை வச்சேன். மனசை விட்டுடாதீங்க. போனதெல்லாம் வட்டியும் முதலுமா வந்து சேரும்.”

மணிக்கூண்டு கையைத் தூக்கி வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார். கண் நிரம்பிவிட்டது.

“ஓடுதே, மாஸ்டர்! கையில ஒரு வாட்ச் இல்லாம இத்தனை நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நிஜமாவே எனக்கா?”

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் மூலையிலிருந்த கோபமும் கரைந்துவிட்டது. இதுவரை ‘சார்’ என்று கூப்பிட்டவள் எழுந்து வந்து, “வச்சுக்குங்க, தம்பி” என்றாள். “தினம் காலையில சாவி கொடுத்திடணும். மறந்தீங்கன்னா எங்கப்பா மாதிரியே கோவிச்சுக்கிட்டு நின்னுடும்.”

“கண்டிப்பா கொடுக்கறேன்க்கா. என்கிட்ட இதுவரைக்கும் யாருமே வாட்ச் கொடுத்ததில்லை. எல்லாம் நானே வாங்கினதுதான்.”

தையல்காரர் உற்சாகமாக டேப்பை எடுத்து, வாட்சோடு சேர்த்து அந்த மணிக்கட்டை மறுபடியும் அளந்தார். “அப்ப வழக்கம்போல இடது கைக்கு அரை இன்ச் லூஸ்!”

அவர் மனைவிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, தம்பி. இருந்ததெல்லாம் வித்து அடைக்கற அளவுக்கு அப்படி என்ன கடன்?” என்றாள்.

மணிக்கூண்டு புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கடனா? உலகத்துலயே விலை ஒசந்த வாட்சை ஏலத்துல எடுத்துட்டேன்க்கா, அதைக் கையில கட்டினா இன்சூரன்ஸ் கிடையாதாம், பேங்க் லாக்கர்ல தூங்குது!”