ஒரு முழ இடைவெளி

கவர்னரின் கால் விரல் ஒன்றை சுல்தான் கடித்தெடுத்துவிட்டது. இலங்கையில் அதுவரை எந்தக் கட்சியாலும் முடியாத காரியம்.

கவர்னர், வெள்ளவத்தையில் நாகேந்திரம் மாஸ்டர் வளர்த்த கிளி. சுல்தான், பக்கத்து வீட்டுத் தாஸிம் நானாவின் கிளி.

இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி கிடையாது. ஒரு கயிறு மாத்திரம் கட்டியிருந்தார்கள். கயிற்றை ஒட்டி இந்தப் பக்கம் ஒரு கம்பிவலைக் கூடு, அந்தப் பக்கம் இன்னொன்று. எல்லையில் ஓர் அங்குலமும் வீணாகக் கூடாது என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். வேறு எதிலும் ஒத்துப்போனதாக எனக்கு நினைவில்லை.

ஆகவே வலையும் வலையும் முட்டிக்கொண்டு நின்றன. கவர்னர் வலையைப் பற்றி ஏறும். சுல்தான் அந்தப் பக்கமிருந்து விரலுக்குக் குறிவைக்கும்.

நடுவில் தகரம் வைத்தும் பார்த்தார்கள். ஒன்றையொன்று காணாததால் கிளிகள் ஓய்ந்தன. தகரம் யார் பக்கம் சரிந்திருக்கிறது என்று எசமான்கள் சண்டையைத் தொடங்கினார்கள். தகரம் போய்விட்டது.

பிறகுதான் சமாதானம் பேச என்னைக் கூப்பிட்டார்கள்.

கயிற்றின் மேலேயே கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். ஒரு கால் மாஸ்டர் வளவில், மற்றது நானா வளவில். மாஸ்டர் வீட்டிலிருந்து கோப்பி வந்தது, நானா வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. பக்கம் சாராமல் இரண்டையும் முடித்தேன்.

மாஸ்டரின் மனைவி இரத்தினம்மா கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னொரு விரலும் போனா அது கொப்பில நிக்காது, தம்பி. விழுந்து செத்துப்போகும்."

மருந்து எல்லோருக்கும் தெரியும். ஒரு முழம் இடைவெளி விட்டால் அலகு எட்டாது. கூட்டைப் பின்னுக்கு இழுப்பது யார் என்பதுதான் வழக்கு.

"நான் ஒரு முழம் விட்டால், நாளைக்கு நானா அதில கதியால் நட்டு வேலி அடைச்சுப்போடுவார்," என்றார் மாஸ்டர்.

"நான் உட்டா, மாஸ்டர் அதுல வாழக்கன்னு நட்டு, வாழக்கொலைய எனக்கே விப்பாரு," என்றார் நானா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கவர்னர் மறுபடியும் வலையில் ஏறத் தொடங்கியது. சுல்தான் தலையைச் சாய்த்து, மிஞ்சிய விரல்களை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டது.

"அப்பாட்டக் கேட்டுச் சொல்லுறன்," என்றேன்.

மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டினார். நானா சாரத்தை மடித்துக் கட்டினார். இருவரும் அவரவர் கூட்டைப் பின்னுக்கு இழுத்தார்கள்; யாரும் யாரையும் முந்தவிடவில்லை. ஒரு முழம் கேட்ட இடத்தில் மாட்டுவண்டி திரும்புமளவு வெளி உண்டாயிற்று.

கவர்னர் கொப்பில் நன்றாக நின்றுகொண்டு, தூரத்திலிருந்த சுல்தானை வாய்க்கு வந்தபடி ஏசியது.

"இதுக்கெல்லாம் ஏன் அப்பாவைக் கரைச்சல்படுத்துவான்?" என்று இரத்தினம்மா என் கையில் இன்னொரு கோப்பி தந்தார்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் அப்பாவுக்குக் கிளிகள் மேல் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. அந்த இரண்டு வீடுகளும், கயிறு கட்டிய நிலமும் அவருடையவை என்பதைத் தவிர, இந்த விவகாரத்தில் அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.