மணல்வாளிக்குப் பின்னால்

“அந்தப் பேருல இங்க யாரும் தங்கலையேம்மா” என்றார் லாட்ஜ் மேனேஜர். சொர்ணம் திரும்பி நடந்தாள். மருமகன் முன்னால் ‘உங்களுக்கு ஒரு எழவும் தெரியாது’ என்று அவள் சொன்ன அன்று வீட்டைவிட்டுப் போனவர் அவள் புருஷன் பூலிங்கம். டவுனில் இருக்கிற லாட்ஜையெல்லாம் ஏறி இறங்கியாகிவிட்டது. வாசலை நெருங்கும்போதுதான், மாடிப்படிக்கு அடியில் இருந்த மணல்வாளிக்குப் பின்னால் ஒரேயொரு செருப்பு ஒளிந்து கிடப்பதைப் பார்த்தாள். குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்த இடதுகால் செருப்பு. கோயிலோ கல்யாண மண்டபமோ, அவர் செருப்பைச் சோடியாக விடவே மாட்டார். ஒன்று இங்கே, இன்னொன்று எங்கேயோ. அப்படி விட்டால் எவனும் களவாங்க மாட்டானாம். விட்ட இடத்தை அவரே மறந்துபோவார். பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் குனிந்து குனிந்து மற்றதைத் தேடி எடுத்துக் கொடுப்பது இத்தனை வருஷமும் சொர்ணத்தின் பாடு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மேனேஜர் கூப்பிடக் கூப்பிட மாடி ஏறினாள். கடைசி அறையின் வாசலில் மற்றது கிடந்தது. கதவைத் தட்டினாள்.

“யாரு?”

“செருப்பு களவாங்க வந்தவ.”

உள்ளே கட்டில் முனகியது. பிறகு, கதவுக்கு மிக அருகில் வந்து நின்று அந்தக் குரல் கேட்டது.

“ஒத்தச் செருப்ப வச்சு என்ன செய்வ?”

“அதத்தான் கேக்க வந்தேன்.”