பீஜியின் கேள்வி

"அக்கா, அந்தப் படத்தை மட்டும் கழற்றிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்க மாமியார் கீழே வந்துட்டாங்க!"

மாடிப்படியில் ஓடி வந்த தவிந்தருக்கு மூச்சு வாங்கியது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நூலக மாடியில் நடந்த அந்தக் கண்காட்சிக்கு 'நம்மோடு விமானம் ஏறி வந்த சாதி' என்று பெயர். அதை நடத்தும் ரேணு திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பெட்ஃபோர்டு ரவிதாஸ் கோயில் வாசலில் கொடி பிடித்து நிற்கும் பிள்ளைகளின் பழைய படம். நடுவில் இரட்டைச் சடையோடு நிற்பவள் தவிந்தர். போதாக்குறைக்கு அடியில் பெயர்கள் வேறு.

"அட, நீதானா இது? உங்க பெரியப்பா பொண்ணு கொடுத்த படம்மா."

"அவ கொடுப்பான்னு கனவா கண்டேன்? என் புகுந்த வீடு தில்லான் குடும்பம். நிலபுலம் வெச்சிருந்த ஜாட் சாதி. நாங்க ரவிதாஸைக் கும்பிடற, தோல் வேலை செஞ்ச சாதின்னு என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். 'அம்மாகிட்ட மூச்சு விடாதே'ன்னு சொல்லித்தான் என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு."

"மாமியார் ரொம்பக் கறாரா?"

"பக்சீஷ் கௌர்னா இந்த ஊர்ல தெரியாதவங்க யாரு?"

ரேணுவுக்கும் தெரிந்திருந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், லட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே எதிரில் இருப்பவரிடம் "எந்த ஊரு, என்ன வம்சம்?" என்று கேட்டுவிடுகிற அம்மாள். ஒரு பெயர் சொன்னால் போதாது, பாட்டன் பூட்டன் வரை தோண்டுவாள். இப்போதுகூட வாசலில் எவரோ ஒரு பாவப்பட்ட மனிதர் மாட்டிக்கொண்டதால்தான் தவிந்தரால் முன்னால் ஓடிவர முடிந்தது.

"வீட்டை விட்டு விரட்டிடுவாங்கன்னு பயமா?"

"வீடு போனாப் போகட்டும் அக்கா. எனக்கு அவங்க போயிடக் கூடாது." தவிந்தரின் கண் கலங்கியது. "அம்மா இல்லாத பொண்ணு நான். பிரசவத்துல ரத்தம் போய்ப் படுத்த படுக்கையாக் கிடந்தப்போ நெய்யில பஞ்சீரிப் பலகாரம் கிளறி ஊட்டிவிட்டது அவங்கதான். ராத்திரி பூரா குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாங்க. ஒருநாள்கூட முகம் சுளிச்சதில்ல. அப்படிப்பட்டவங்ககிட்ட பொய் சொல்லிக்கிட்டுத் திரியறேனேன்னு தினமும் நெஞ்சு அறுக்குது."

நன்றியும் பயமும் ஒரே மனசில் குடியிருந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? ரேணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படம் உன்னோடதும்மா. நீ வேண்டாம்னா இறக்கிடலாம். திருகு போட்டு மாட்டியிருக்கு. இரு, கீழே போய்த் திருப்புளி வாங்கிட்டு வரேன்."

ரேணு படி இறங்கிய அதே நேரம் லிஃப்ட் கதவு திறந்தது. கைப்பையை மார்போடு அணைத்தபடி வந்தாள் பக்சீஷ் கௌர். தவிந்தர் பாய்ந்து போய்ப் படத்தை மறைத்து நின்றுகொண்டாள்.

"ஏண்டி, சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கறே?"

"ஒண்ணுமில்ல பீஜி. இது சும்மா சின்னப் பசங்க படம். அந்தப் பக்கம் போங்களேன், தனியா ஒதுக்கி வெச்ச டம்ளர், தட்டெல்லாம் வெச்சிருக்காங்க."

"டம்ளரைப் பார்க்கவா வந்தேன்? நகரு."

மருமகளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். படத்தைப் பார்த்தாள். அடியில் இருந்த பெயர்களை விரல் வைத்துப் படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. திருப்புளியோடு வந்த ரேணு அப்படியே நின்றுவிட்டாள்.

"பீஜி, மன்னிச்சிருங்க. உங்களை ஏமாத்தணும்னு நினைக்கல. நீங்க என்னைப் போன்னு சொன்னாலும் சரி, நீங்க எனக்குச் செஞ்சதை உயிர் இருக்கிறவரைக்கும் மறக்க மாட்டேன்" என்று தவிந்தர் விசும்பினாள்.

பக்சீஷ் கௌர் ரேணுவின் பக்கம் திரும்பினாள்.

"இதையெல்லாம் நடத்தறது நீதானா?"

"ஆமா ஆன்ட்டிஜி."

ரேணு மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். 'வெள்ளைக்காரன் முன்னாடி நம்ம மானத்தைக் கப்பலேத்தறியா?' என்று பலர் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்கள். இன்னும் ஒருவர், அவ்வளவுதான்.

"திருப்புளி வெச்சிருக்கியே, கூட ஒரு திருகும் இருக்கா?"

"எதுக்கு ஆன்ட்டிஜி?"

பக்சீஷ் கௌர் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த சட்டமிட்ட படம் ஒன்றை எடுத்தாள். கோவென்ட்ரி ரவிதாஸ் கோயிலில் மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. மாப்பிள்ளை, தவிந்தரின் மாமனார். பக்கத்தில் தலை குனிந்திருந்த மணப்பெண் பீஜியேதான்!

"இவ படத்துக்குப் பக்கத்துல இதையும் மாட்டு. கோவென்ட்ரியில நம்ம ஊர்க்காரங்களே வாடகைக்கு வீடு தரலேன்னுதான் இங்க வந்து தில்லான்னு பேர் வெச்சுக்கிட்டோம். பெத்த பிள்ளைக்கே சொல்லல. எங்களுக்காக இப்படி ஒரு சுவரை எழுப்பினியே, நீ நல்லா இருக்கணும் மகளே" என்று ரேணுவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

தவிந்தர் அழுகையும் சிரிப்புமாக மாமியாரைக் கட்டிக்கொண்டாள். "அப்புறம் ஏன் பீஜி, பார்க்கிறவங்களை எல்லாம் ஊரு என்ன, வம்சம் என்னன்னு கேட்டு உயிரை எடுத்தீங்க?"

பக்சீஷ் கௌர் துப்பட்டாவால் மருமகளின் முகத்தைத் துடைத்தாள்.

"நாம முந்திக்கிட்டுக் கேட்டாத்தாண்டி, நம்மளை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."